அல்போன்சாவின் கைக்கு ஒரு மவுஸ்

சனிக்கிழமை காலை காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் பென்சன் ஒரு சபதம் எடுத்தார். கீபோர்டும் மவுசும் வாங்க இன்றைக்கு அவர்தான் போவார். தனியாகப் போவார். தன் இஷ்டத்துக்கு வாங்குவார். வாங்கி வந்ததைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டக் கூடாது.

சபதத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. அடுப்படியில் அல்போன்சா இருந்தாள்.

பென்சன் டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஆபீசில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஃபைல் நகராது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், அவருடைய சொந்த வீட்டில், அவர் சொல்லி ஒரு நாற்காலி நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்கு அவரும் ஒரு காரணம். ஒரு தடவை ஜனவரியில் போய் ஏர்கூலர் வாங்கி வந்தார். தள்ளுபடியாம். வெயில் வருவதற்குள் அதில் புறா குஞ்சு பொரித்துவிட்டது. இன்னொரு தடவை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு இட்லி அரிசி வாங்கப் போய்ப் பாயச அரிசியோடு வந்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் இட்லி என்ற பெயரில் வந்ததைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். பாவம்.

இந்தத் தடவை விஷயம் பெரியது. அல்போன்சா நர்ஸ். பத்தொன்பது வருஷமாக நைட் ட்யூட்டி. இப்போது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வேலை போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போன நோயாளிகளுக்குப் போன் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். பகலில். திங்கட்கிழமை ட்ரையல். அதில் தேறினால் நைட் ட்யூட்டிக்கு ஒரு பெரிய கும்பிடு. தேறாவிட்டால் பழைய கதைதான். லேப்டாப்பை ஆஸ்பத்திரியே கொடுத்துவிட்டது. கீபோர்டும் மவுசும் உங்கள் கைக்கு வசதியானதாக நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது.

அல்போன்சா மணிக்கட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏங்க, கிளம்பிட்டியளா? வார்டுல கிடக்க மவுசைப் பிடிச்சுப் பிடிச்சு என் கை போச்சு. அது மாதிரி ஒண்ணை வாங்கிட்டு வந்துராதிய."

"எனக்குத் தெரியாதா?"

"சத்தம் வராத கீபோர்டா பாருங்க. நோயாளிகிட்ட பேசும்போது டொக்கு டொக்குன்னு கேக்கக் கூடாது. மவுசு எனக்குப் பிடிக்க வாட்டமா இருக்கணும். போறதுக்கு முன்ன என் கையை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

கையை நீட்டினாள். பென்சன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா பாத்த கைதானே. இனிமே என்னத்த பாக்க?"

அல்போன்சா நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் பென்சன் தோற்றார். ஆனால் அது அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இப்போது பென்சனின் திருட்டுத்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். மறைத்து என்ன பயன்? வீட்டு மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. அதன் கீபோர்டில் மூன்று எழுத்துகள் விழாது. மவுஸ் ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் போகும். அதில் அவர் நாலு மாதமாக இரண்டு காரியங்கள் செய்து வந்தார். ஒன்று, பங்குக் கோவிலின் குடும்பப் பதிவேட்டை ஏற்றுவதாகச் சொல்வது. பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, "நான் பாத்துக்கிடுதேன் ஃபாதர்" என்று கையைத் தூக்கியவர் அவரே. மைக்கேல் ஃபாதர் கேட்கும்போதெல்லாம், "கீபோர்டு மக்கர் பண்ணுது ஃபாதர்" என்பார். இரண்டாவது காரியம், செஸ் ஆடுவது.

செஸ் ஆடுவது மாடி வீட்டு வெங்கடேஸ்வரனோடு. தஞ்சாவூர்க்காரர், ரிட்டையர் ஆனவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு காங்கிரீட் தளம்தான். ஆனாலும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஆடுவார்கள். ஏனென்றால், பதிவேடு முடிகிற வரைக்கும் வீட்டில் செஸ் பலகை விரியக் கூடாது என்று அல்போன்சா சொல்லிவிட்டாள். பலகை விரியவில்லை. பென்சன் சொன்ன சொல் தவறாதவர். அவள் ட்யூட்டிக்குப் போனதும் ஸ்விட்சைப் போடுவார். ஐந்து நிமிஷ ஆட்டம். தினமும் தோற்பார். தோற்றதும் மவுசைத் திட்டுவார்.

ஆக, திட்டம் இதுதான். வாங்கும் கீபோர்டும் மவுசும் பகலில் அல்போன்சாவின் லேப்டாப்பில் இருக்கும். மற்ற நேரம் மூலைக் கம்ப்யூட்டரில். வாங்குவது யார் கைக்குப் பொருந்த வேண்டும்? அதை வாங்குகிறவன்தானே முடிவு செய்ய வேண்டும்?

படியில் வெங்கடேஸ்வரன் எதிரே வந்தார். கையில் கொத்தமல்லிக் கட்டு.

"என்ன ஓய், காலங்கார்த்தால?"

"நேரு பிளேஸ் போறேன் சார். புது மவுசு. இனிமே என்னை ஜெயிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

"மவுஸா தோக்கறது? நீர்னா தோக்கறீர்!"

"திங்கக்கிழமை தெரியும். அல்போன்சாகிட்ட மூச்சு விட்டுராதிய. அவளுக்குத்தான் வாங்குதேன்னு பேரு."

"நேக்கு என்ன ஓய் வந்தது? நான் ஏன் சொல்றேன்?"

நேரு பிளேஸில் இரண்டாம் மாடியில் ஒரு குறுகலான கடை. கல்லாவில் மது என்று ஒருவர். பாலக்காட்டுக்காரர். தமிழ், மலையாளம், இந்தி மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். பென்சனுக்கு ஸ்டூல் போட்டார்.

"ஆருக்கு சாரே?"

"வீட்டுல. அவளுக்கு. போன்ல பேசிக்கிட்டே டைப் அடிக்கணும். மணிக்கட்டு வலி வேற."

"அச்சா. அப்போ இதைப் பாருங்கோ." மது ஒரு தட்டையான கீபோர்டை எடுத்து வைத்தார். "கீ எல்லாம் தாழ்ச்சை. கை தூக்க வேண்டா, மணிக்கட்டு நேரே இருக்கும். சத்தம் இல்ல. நம்பர் பட்டன் இல்லாத்தது கொண்டு மவுஸ் பக்கத்திலேயே வைக்கலாம், தோள் வலிக்காது. மேடம் எந்தக் கை?"

"எந்தக் கைன்னா?"

"மவுஸ் எந்தக் கையில் பிடிக்கும்? வலமோ இடமோ?"

பென்சனுக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க நல்ல குடும்பம்யா. இடது கையால ஒரு சாமானைக் கூடத் தொட மாட்டா. காப்பி குடுத்தாலும் வலது கை, திருநீற்றுப் புதன்ல நெத்தியைத் தொட்டாலும் வலது கை."

அவர் சொன்னது பொய் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு முன்னால் வந்த தட்டு, டம்ளர், சாவி, துவைத்த சட்டை எல்லாம் வலது கையில்தான் வந்தன. அல்போன்சா சாப்பிட்டதும் வலது கையால். சிலுவை போட்டதும் வலது கையால். வேறு எதற்காவது கை வேண்டியிருக்கும் என்று அவர் யோசித்ததே கிடையாது. வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அவர்தான் நிரப்புவார். ஆபீஸ் பழக்கம். கடைசியில் அவள் கையெழுத்துப் போடுவாள். அப்போதும் அவர் கோட்டுக்கு மேலே சரியாக விழுகிறதா என்று கையெழுத்தைத்தான் பார்ப்பார்.

"அப்போ எதுக்கும் இது எடுத்தோளூ," என்று மது ஒரு சின்ன மவுசை நீட்டினார். "ரெண்டு கைக்கும் ஆகும்."

பென்சன் அதைப் பிடித்துப் பார்த்தார். அவருடைய கைக்குள் அது சோளப்பொரி மாதிரி காணாமல் போயிற்று. அதற்குள் கண் மேல் அலமாரிக்குப் போய்விட்டது. அங்கே ஒன்று உட்கார்ந்திருந்தது. கறுப்பு. கொழுகொழுவென்று. பக்கத்தில் கட்டைவிரல் உட்காரக் குழி. அதன் மேலே இரண்டு பட்டன். அதற்கு ஜோடியாக ஒரு கீபோர்டு, ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிறத்தில் எரிந்தது. ஒரு கீயைத் தட்டினார். 'டக்' என்றது. இன்னொன்று. 'டக்'. ராஜாவுக்கு செக் வைத்த மாதிரி இருந்தது.

"சாரே, அது பசங்க கேம் ஆடறது. வலது கைக்கு மாத்ரம். சத்தமும் உண்டு. மேடத்தோட மணிக்கட்டுக்கு..."

"அதைப் போடுங்க."

"எடுத்தா மாற்றித் தர மாட்டோம், கேட்டோ? பில்லில் எழுதியிருக்கு."

"மாத்த எவன் வரப்போறான்? ஜல்தி போடுங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பில் மாட்டி, விளக்கு எரிய வைத்து, "வா அல்போன்சா" என்று கூப்பிட்டார். அல்போன்சா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மவுசையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம். நெகிழ்ந்துவிட்டாள் என்று பென்சன் நினைத்தார்.

"யார் கையை நெனச்சு வாங்குனிய?"

"உன் கையைத்தான். வேற யார் கையை?"

"சத்தியமா?"

"மாதாவாணை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாதாவை இழுத்திருக்க வேண்டாம். ஆனால் வாயில் வந்துவிட்டது.

அல்போன்சா தலையை ஆட்டினாள். உட்கார்ந்தாள். வலது கையால் மவுசைப் பிடித்தாள். திரையில் அம்பு தள்ளாடிக்கொண்டு எங்கோ போனது. ஒரு கட்டத்துக்குள் க்ளிக் செய்ய மூன்று தடவை ஆயிற்று. மணிக்கட்டு கோணியது. கீபோர்டைத் தட்டினால் வீடு முழுக்க ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம்.

"பழகப் பழகச் சரியாயிரும்," என்றார் பென்சன். தானாகவே குரல் இறங்கியது.

"சரியாயிரும்," என்றாள் அல்போன்சா. "நல்லாருக்கா, கீபோர்டு?"

"பிரமாதமா இருக்கு. இதுல அடிச்சா ஒரு எழுத்து தப்பாது."

"அப்படியா? ஞாபகம் வச்சுக்கிடுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பென்சன் வழக்கமான பெஞ்சில் உட்காரவில்லை. அங்கிருந்து பார்த்தால் மாதா சுரூபம் நேராகத் தெரியும். தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நாளைக்கு ட்ரையலில் இவள் கோட்டை விட்டால்? மறுபடி பத்தொன்பது வருஷம்? பூசை முடிகிற வரைக்கும் அந்த 'டக்' சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றினார். இரண்டு. ஒன்று பொய்க்கு, ஒன்று ட்ரையலுக்கு.

வீட்டுக்கு வந்ததும் அல்போன்சா சொன்னாள். "மாடி வீட்டு சாருக்குப் போன் போட்டு ஒரு தடவை பழகிக்கிடுதேன். அவருதான் நோயாளி, சொல்லி வச்சிருக்கேன். நான் பேசுதேன், நீங்க அடிங்க. எனக்கு இந்த மவுசு இன்னும் கைக்கு வரல."

பென்சனுக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானே! உட்கார்ந்தார். கட்டைவிரல் குழிக்குள் போய்ச் சுகமாகச் சாய்ந்துகொண்டது.

அல்போன்சா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் சார். ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் அல்போன்சா பேசுதேன். உடம்பு எப்படி இருக்கு?"

"பேஷா இருக்கேம்மா. நிஜ பேஷண்ட் மாதிரியே சொல்லணுமா?"

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்க சார். அப்படியே ஃபாரத்துல ஏறணும்."

"கேளும்மா, கேளு."

"பசி எப்படி?"

"அமோகம்."

டக் டக் டக். பென்சன் ஆபீஸ் நடையில் அடித்தார். நோயாளிக்குப் பசி திருப்திகரமாக உள்ளது.

"தூக்கம்?"

"தூக்கமா? ஏது தூக்கம்? நீ ட்யூட்டிக்குப் போற நாள்லாம் பன்னண்டு மணி வரைக்கும் செஸ்ஸுன்னா ஆடறோம்."

பென்சனின் விரல் அந்தரத்தில் நின்றது.

அல்போன்சா போனை உள்ளங்கையால் மூடினாள். "அடிங்க. நோயாளி சொன்னதை விட்டா மார்க்கு போயிரும்."

டக். டக். நோயாளி நள்ளிரவு வரை சதுரங்கம் ஆடுவதாகத் தெரிவிக்கிறார்.

"யாரோட ஆடுதிய சார்?"

"அது... சொல்லப்படாதுன்னு சொல்லியிருக்கார்."

"நர்ஸ்கிட்ட மறைக்கக் கூடாது சார். அப்புறம் மருந்து மாறிப்போகும்."

வெங்கடேஸ்வரனுக்கு மருந்து என்றால் நடுக்கம். "அய்யய்யோ! பென்சன்தாம்மா. வேற யாரு? அவர் பக்கத்துல இல்லையே?"

"நான்தானே சார் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன்."

டக் டக் டக் டக். கீழ்வீட்டில் வசிக்கும் பென்சன் என்பவருடன். ஒவ்வொரு எழுத்தும் பச்சை, சிவப்பு, ஊதா என்று எரிந்து அணைந்தது. சொந்தக் குற்றப்பத்திரிகையைச் சொந்த விரலால் அடிப்பது இத்தனை கலர்களில் நடக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"என்னம்மா சத்தம் அது? அங்கே மழையா?"

"புதுக் கீபோர்டு சார்."

"ஓ! அதானா அது! செஸ்ஸுக்குன்னு வாங்கினாரே! உன் பேரைச் சொல்லி வாங்கறேன், அவகிட்ட மூச்சு விடாதேயும்னு படியில வெச்சு..." ஒரு நிமிஷம் தயங்கினார். "இதுவும் ஃபாரத்துல ஏறுமோ?"

"எல்லாம் ஏறும் சார்."

எல்லாம் ஏறியது. பென்சனின் காது மடல் சுட்டது.

"ஆனா ஒண்ணும்மா," என்றார் வெங்கடேஸ்வரன். "கட்டைவிரலுக்குக் குழி, வலது கைக்குன்னே செஞ்சதுன்னு நேத்து சாயங்காலம் போன்ல ஒரே பெருமை. படுத்தப்புறம்தான் தோணித்து. நீ இடது கைக்காரின்னா? வாராவாரம் நேக்கு ஊசி போடறியே, இடது கையாலதானே? எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. நீ எப்படிம்மா அதைப் பிடிப்பே?"

டக் சத்தம் நின்றுவிட்டது.

பென்சன் திரும்பிப் பார்த்தார். அல்போன்சா ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். பேனா இடது கையில் இருந்தது. நடுவிரலில், பேனா அழுத்துகிற இடத்தில், ஒரு காய்ப்பு. பல வருஷத்துக் காய்ப்பு. கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில் இருந்தது. கல்யாணத்தன்று அவர் வாங்கித் தந்த கடிகாரம். அன்றைக்கு இடது கையில்தான் கட்டிவிட்டார். எப்போது அது கை மாறியது? கேட்டால் மறுநாள் காலையிலேயே என்று சொல்வாள். அதனால் கேட்கவில்லை. தைல வாசனை வந்ததும் இடது கையிலிருந்துதான்.

"ரொம்ப நன்றி சார். உடம்பைப் பாத்துக்கிடுங்க," என்று அல்போன்சா போனை வைத்தாள்.

கீபோர்டு ஊதா நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. அதை எப்படி அணைப்பது என்று பென்சனுக்குத் தெரியவில்லை.

"அல்போன்சா."

"சொல்லுங்க."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"எது? செஸ்ஸா?"

"இடது கை."

"படிக்கட்டு பெருக்குத குஞ்சம்மாளுக்குத் தெரியும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல ஊறுகாய் கடைக்காரருக்குத் தெரியும். ஃபாதருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தெரியுமான்னு கேட்டதில்ல."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்க கண்ணு முன்னாலதானே காய் நறுக்குதேன், தலை சீவுதேன், ஊசில நூல் கோக்கேன். இதை என்னன்னு சொல்ல?"

பென்சன் தலை குனிந்தார். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. ஆபீசில் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஃபைலில் ஒரு கமா விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷர் அவர்.

"இப்பவே நேரு பிளேஸ் போறேன்," என்று எழுந்தார். "ஞாயித்துக்கிழமை கடை அடைப்பா இருந்தா அந்த மது வீட்டையே தேடிப் போறேன். நாளைக்கு உனக்கு ட்ரையல். நான் கெடுத்துட்டேன்."

"உக்காருங்க."

அல்போன்சா பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். உள்ளே தட்டையான ஒரு கீபோர்டு. கூடவே சின்னதாக, சாய்வாக ஒரு மவுஸ். கை குலுக்குகிற மாதிரி பிடிக்க வேண்டும். இடது கையால். லேப்டாப்பிலிருந்து பென்சனுடையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள். பிடித்தாள். திரையில் அம்பு நேராகப் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கீபோர்டைத் தட்டினாள். சத்தமே இல்லை.

"இது எப்ப வாங்குன?"

"போன செவ்வாய்க்கிழமை. என்கூட வேலை பாக்குத ரோஹிணி கூட்டிட்டுப் போனா."

"அப்ப என்னை எதுக்கு அனுப்புன?"

"இதை நேத்து வரைக்கும் பிரிக்கவே இல்ல. பில்லும் பத்திரமா இருக்கு. பிரிக்காம இருந்தா திருப்பி எடுத்துக்கிடுவாங்க." அல்போன்சா அவரைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க ஒரு தடவை என் கையைப் பாத்துட்டுப் போயிருந்தா, நீங்க வாங்கினதையே வச்சுக்கிடலாம்னு இருந்தேன். அதான் நீட்டுனேன்."

பென்சனுக்கு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டு மெழுகுவர்த்தி போதாது என்று மட்டும் தோன்றியது. மேலே வெங்கடேஸ்வரன் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார் போலிருக்கிறது.

"நான் இப்ப என்ன செய்ய?" என்றார்.

அல்போன்சா அவர் வாங்கிய கீபோர்டையும் மவுசையும் தூக்கிக்கொண்டு போனாள். மூலைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் தடிமனாக ஒரு பதிவேட்டை வைத்தாள். வலது கையால்தான் வைத்தாள்.

"பூசை முடிஞ்சதும் நீங்க மெழுகுவர்த்தி ஏத்தப் போனிய பாருங்க, அப்ப ஃபாதர் குடுத்துவிட்டாரு. கீபோர்டு புதுசா வந்துட்டுன்னு நான்தான் சொன்னேன். ஒரு எழுத்து தப்பாதுன்னு நீங்க சொன்னதையும் சொல்லிட்டேன். முந்நூத்திப் பன்னிரண்டு குடும்பம்."

பென்சன் உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் புரட்டினார். மவுசைப் பிடித்தார்.

அது அவர் கைக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.